கடும் நீலக் கார்

வெள்ளைதான் எடுக்கச் சொன்னார்கள் எல்லாரும். யாழ்ப்பாணத்து வெயிலுக்கு வெள்ளைதான் சரி, புழுதி படிந்தாலும் தெரியாது, நாளைக்கு விற்கப் போனாலும் சனம் தேடிவந்து வாங்கும் என்று மச்சாள் சொன்னா, எங்கள் பார்மசிக்கு மருந்து கொண்டுவருகிற பிரதிநிதி சொன்னார், மெல்பேணிலிருந்து மகள் ஆரணியும் சொன்னாள், இப்போது எனக்குப் பக்கத்தில் இருந்து இந்தக் காரை நெல்லியடிக்கு ஓட்டிக்கொண்டிருக்கிற ட்ரைவர் எட்வேட் அண்ணையும் வாகன யாட்டின் வாசலைத் தாண்ட முதலே சொல்லிவிட்டார், கடும் நீலம் வடிவுதான் தங்கச்சி, ஆனா வெய்யிலை இழுக்கும் என்று. இழுக்கட்டும். யப்பானிலிருந்து கப்பலேறி அம்பாந்தோட்டையில் இறங்கி லொறியில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்திருக்கிற கார், சீற்றுகளில் பொலித்தீன் உறைகூடக் கழற்றாத கார், என்னுடைய பெயரில் இருக்கிற முதல் கார், அதற்குள் நான் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வாடகைக்காரில் போகிற ஆள் மாதிரி ஒடுங்கி இருக்கிறேன். கைப்பைக்குள் போன். போனுக்குள் நான் இன்னும் திறக்காத ஒரு குரல் செய்தி. யாட்டில் கையெழுத்து வைத்துக்கொண்டிருக்கும்போது வந்தது. சீலனின் பெயரைப் பார்த்ததும் திரும்பவும் பைக்குள் போட்டுவிட்டேன், இப்ப வேண்டாம், எட்வேட் அண்ணைக்கு முன்னால் வேண்டாம் என்று. ஆனால் அது காரணமில்லை என்று எனக்குத் தெரியும். அவர் அனுப்பின செய்திகளைச் சனம் நிறைந்த கடைக்குள் நின்று கேட்டவள் நான். இதைத் திறந்தால் இது கடைசி. அதுதான்.

கல்வியங்காட்டுச் சந்தியில் சைக்கிள்களுக்காக நின்றோம். எட்வேட் அண்ணை பிரேக்கை மெல்ல அமத்திப் பார்த்து, நல்ல பிடி, ஆர் பார்த்து எடுத்தது என்று கேட்டார். ஒரு தெரிஞ்ச ஆள் அங்க இருக்கிறார் என்றேன். தெரிந்த ஆள். என்ன சுலபமாக வாயில் வந்தது. எனக்குத் தெரிந்தவர் ஆர், பதினேழு வயதில் நெல்லியடி ரியூட்டரியில் இரசாயன வகுப்பில் எனக்குப் பின்வாங்கில் இருந்த குணசீலனா, அல்லது ஏலத்துக்கு வருகிற கார்களைக் குனிந்து பார்த்து, அடியில் இரும்பு கறல் பிடிச்சிருக்கு, இது வேண்டாம் என்று அனுப்புகிற இந்தக் கரகரத்த குரலா. தொடங்கினது ஆரணிதான். போன மாரியில் நான் ஸ்கூட்டியோடு வெள்ளத்துக்குள் விழுந்து கையை முறித்துக்கொண்டபோது, அம்மா நீங்கள் இனி ஸ்கூட்டியில போகக் கூடாது, கார் வாங்குங்கோ என்று போனில் அழுதாள். கை சுகமாகிற நேரம் பார்த்து அரசாங்கமும் பல வருசம் பூட்டிக்கிடந்த வாகன இறக்குமதியைத் திறந்துவிட்டது. ரியூட்டரிப் பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுமத்தில் நான் சும்மா ஒரு வரி போட்டேன், சின்னக் கார் ஒன்று எடுக்க யோசிக்கிறேன், விசயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கோ என்று. சீலனிட்டைக் கேளுங்கோ, ஆள் யப்பானில காரோடதான் குடும்பம் நடத்துது என்று யாரோ பகிடியாக எழுதினார்கள். அந்தக் குழுமத்தில் அவர் இருக்கிறார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். உண்மையாகவா. தெரியும், பெயரைப் பார்த்திருக்கிறேன், அந்தப் பெயரின் மேல் விரலை வைத்துப் படத்தைத் திறந்தும் பார்த்திருக்கிறேன், பனி மூடிய ஒரு மலைதான் இருந்தது. அடுத்தநாள் காலமை தனியாகச் செய்தி வந்தது. வணக்கம் சுகிர்தா, உங்களுக்கு என்ன மாதிரிக் கார் தேவை என்று சொல்லுங்கோ, நான் பாக்கிறன். உங்களுக்கு. வகுப்பில் ஆம்பிளைப் பிள்ளைகள் எங்களை நீர் என்றுதான் கதைப்பார்கள், நாங்களும் அப்படித்தான். இவ்வளவு வருசம் ஒருத்தரை நீரிலிருந்து நீங்களுக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறது. நானும் மரியாதையாகப் பதில் அனுப்பினேன், எனக்குப் பெரிசாக ஒன்றும் தேவையில்லை, மழையில் நனையாமல் கடைக்குப் போய்வரக் காணும் என்று.

மழையில் நனையாமல் கடைக்குப் போய்வர எந்தக் காரும் போதும். அவர் முதலில் காட்டின சாம்பல் நிறக் காரே போதும். நிறம் பிடிக்கவில்லை என்றேன். பிறகு ஒரு வெள்ளை வந்தது, சீற் கறுப்பு, சூடு பிடிக்கும் என்றேன். பிறகு இன்னொரு வெள்ளை, அதில் முன் பம்பரில் நகம் அளவு கீறல் இருந்தது, அந்தக் கீறலைப் பற்றி மாத்திரம் ஒரு கிழமை கதைத்தோம், அதற்குப் பிறகும் இரண்டு மூன்று வந்தன. போனில் கதைத்ததில்லை, ஒருநாளும் இல்லை, குரலைப் பதிந்து அனுப்புவதுதான், அவர் ஒன்று, நான் ஒன்று. அவர் பொறுமையாகச் சொல்லுவார், ஏலத் தாளில் நாலு என்று போட்டால் நல்ல கார், மூன்றரை என்றால் யோசிக்க வேணும், எழுத்தில் ஏ என்றால் கீறல், யூ என்றால் நெளிவு. நான் மருந்துப் பெயர்களைப் போல அதெல்லாம் பாடமாக்கினேன். மாத்திரை அட்டையை வெட்டிக் கொடுத்துக்கொண்டே காதில் வைத்துக் கேட்பேன். மச்சாள் ஒருநாள் கடைக்கு வந்து, என்ன, இன்னும் கார் பாத்து முடியேல்லையோ என்று கேட்டு என் முகத்தைக் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பார்த்தா. இந்த வயசில என்று தொடங்கி, நிறுத்தி, ஓடப் பழகிறது கஷ்டம் என்று முடித்தா. பழகினேன்தான். லைசென்ஸும் எடுத்தேன். பின்னுக்கு எடுக்கத்தான் இன்னும் சரிவரவில்லை, அதுதான் இன்றைக்கு எட்வேட் அண்ணை. பிறகுதான் இந்தக் கடும் நீலம் வந்தது. காரைச் சுற்றி நடந்து வீடியோ எடுத்து அனுப்பியிருந்தார். முன் பக்கம், ரயர், பின் கதவு. இடது பக்கக் கதவுக்கு வரும்போது அந்த நீலத்துக்குள் ஒரு ஆள் நின்றார். தொப்பி போட்ட, போனை இரண்டு கையாலும் பிடித்த, கதவின் வளைவில் கொஞ்சம் நீண்டு இழுபட்டுப்போன ஒரு மனிதர். வீடியோவை நிறுத்தினேன். பெரிதாக்கினேன். பெரிதாக்கினால் முகம் கலைந்துபோகிறது, சின்னதாக்கினால் மறைந்துபோகிறது. தோள் ஒரு பக்கம் சரிந்த நிற்பு மாத்திரம் பிசகாமல் அவருடையது. வெள்ளைக் கார்கள் இதைக் காட்டியிருக்காது, அவைகள் எல்லாவற்றையும் விழுங்கிவிடுகின்றன. இதுதான் எனக்கு வேணும் என்று அனுப்பினேன். ஏன் இது என்று அவர் கேட்கவில்லை. ஒரு வயசான மனிசி வைச்சிருந்தவ, ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும் மட்டும்தான் ஓடியிருக்கிறா, நல்ல தெரிவு என்றார். இன்றைக்கு யாட்டில், பையன்கள் நம்பர் தகட்டைப் பூட்டிக்கொண்டிருக்கும்போது, நான் மெல்லச் சுற்றிப் போய் அந்த இடது கதவுக்கு முன்னால் நின்றேன். அவர் நின்ற தூரத்தைக் கணக்குப் பார்த்து ஒரு அடி பின்னுக்குப் போய் நின்றேன். நரைத்த தலை, மஞ்சள் சாறி, நீண்டு இழுபட்டு நான். வேறு யார் இருப்பார்கள். பைத்தியம்.

கோப்பாய் தாண்டி நீர்வேலிக்குள் வந்துவிட்டோம், இரண்டு பக்கமும் வாழைத் தோட்டம், பச்சை கண்ணாடியில் வழிந்து ஓடுகிறது. பெற்றோல் ஷெட்டில் நிறுத்தி எட்வேட் அண்ணை எண்ணெய் அடித்துவிட்டுத் திரும்பவும் ஸ்டார்ட் பண்ண, காருக்குள் இருந்து ஒரு பெண் குரல் யப்பான் மொழியில் என்னவோ சொன்னது. மென்மையான, அவசரமில்லாத குரல், கடைசியில் மரியாதையாக ஒரு இழுவை. எட்வேட் அண்ணை சிரித்தார். எல்லா யப்பான் காருக்குள்ளயும் இவ இருக்கிறா தங்கச்சி, பத்துப் பதினைஞ்சு வருசமா நானும் கேக்கிறன், என்ன சொல்லுறா எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, இந்த மொழியில்தானே அவர் இத்தனை வருசமும் விலை பேசியிருப்பார், வைத்தியரிடம் நோவைச் சொல்லியிருப்பார், மனிசியோடு சண்டை பிடித்திருப்பார், பிறகு சமாதானம் ஆகியிருப்பார் என்று நினைத்தேன். அவருடைய மனிசி. ஏலத் தாளைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்த ஒரு செய்தியின் நடுவில், மூச்சு விடுகிற இடத்தில், மகள் ஒசாக்காவில படிப்பிக்கிறா, மனிசி போய் எட்டு வருசம், நான் தனியத்தான், அதால எந்த நேரமும் கேக்கலாம் என்றார். அதற்குப் பிறகு மைலேஜைப் பற்றிச் சொன்னார். மைலேஜ் ஒன்றும் என் காதில் ஏறவில்லை. போய் என்றால் எங்கே போய். எங்கட பேச்சில் செத்தாலும் போறதுதான், வீட்டை விட்டு இறங்கினாலும் போறதுதான். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன், அந்தச் சொல்லில் துக்கம் இருக்கிறதா கோபம் இருக்கிறதா என்று. இரண்டும் இல்லை, பழகிப்போன ஒரு தட்டையான தொனி. கேட்கவும் முடியாது. காரின் பின் வைப்பரைப் பற்றிக் கேட்கிற வாயால் உம்முடைய மனிசி செத்துப்போனாவா என்று எப்படிக் கேட்கிறது. கன நாள் கழித்து, பனி கூடின வருசங்களில் கார்கள் கறல் பிடிக்கிறதைப் பற்றிச் சொல்லும்போது அவராகவே சொன்னார், அவ வடக்குப் பக்கம், தாயோட போய் இருக்கிறா, பெருநாளுக்கு மகள் போய்ப் பார்ப்பா என்று. உயிரோடு இருக்கிறா. கேட்டதும் எனக்குள் ஏதோ தளர்ந்தது, உடனே வெட்கமாகவும் இருந்தது. செத்திருந்தால் நான் அனுதாபம் சொல்லியிருக்கலாம், அதற்கு எங்களிடம் சொற்கள் இருக்கின்றன. பிரிந்துபோனதற்கு ஒரு சொல்லும் இல்லை. அன்றைக்கு நான் அனுப்பின பதில், சரி, ரயர் புதிசோ.

கார் ஓடுகிற சத்தமே கேட்கவில்லை. என்ன கார் இது, நிற்கிறதா ஓடுகிறதா என்று தெரியவில்லை. அன்றைக்குச் சீலன் கொண்டுவந்த கார் போட்ட சத்தம். எண்பத்தேழில் ஆமி வர வடமராட்சியை விட்டுச் சனம் ஓடினபோது அப்பா கால் முறிந்து மாக்கட்டோடு படுத்திருந்தார், எங்களால் அவரைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. ஒழுங்கைச் சனமெல்லாம் போய் முடிந்த மத்தியானத்தில், தன் மாமாவின் பழைய ஏ ஃபோர்ட்டிக் காரை எடுத்துக்கொண்டு சீலன் எங்கள் வீட்டு வாசல் படலையில் வந்து நின்றார். லைசென்ஸ் இல்லை, வயதும் இல்லை. அப்பாவைப் பின் சீற்றில் நீட்டிப் படுத்தினோம், தம்பி அவருடைய காலடியில். முன்னுக்கு ஒரே நீளச் சீற், கதவோரம் அம்மா, நடுவில் நான், எனக்குப் பக்கத்தில் அவர். சேட்டில் பெற்றோல் மணம். வரணிப் பக்கம் போகிற வழியில் ஹெலிகொப்டரின் சத்தம் கேட்டது, அவர் ஒரு பெரிய இலுப்பை மரத்தின் கீழ் காரை ஒதுக்கி எஞ்சினை நிற்பாட்டினார். மரத்துக்கு மேலே அது சுற்றிக்கொண்டிருந்தது. பயப்பிடாதேங்கோ மாஸ்டர், இது போயிடும் என்று அப்பாவுக்குச் சொன்னார், பெரிய மனிதர் மாதிரி. குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. ஸ்டியரிங்கில் இருந்த கைதான் நடுங்கினது. அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தா. பின்னுக்கு இருந்தவர்களுக்கும் தெரியாது. நான் மாத்திரம்தான் பார்த்தேன், நான் பார்த்தது அவருக்கும் தெரியும். அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்தது. இதைக் காதல் என்று யாருக்காவது சொன்னால் சிரிப்பார்கள். இரண்டொரு வருசம் கழித்து யப்பான் போகிறேன் என்று சொல்ல வீட்டுக்கு வந்தார், அப்பா அவரை இருத்தி வைத்து எந்தப் பாதை, எந்தக் கப்பல், அங்கே என்ன வேலை என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நான் தேத்தண்ணி கொண்டுபோனேன். என்ன சொல்லுவது என்று தெரியாமல், சீனி போடவா என்று கேட்டேன். சீனி காணும் என்றார். இவ்வளவு வருசமாக அவர் கடைசியாக எனக்குச் சொன்ன வார்த்தை அதுதான், சீனி காணும். படலை பூட்டுகிற சத்தம் கேட்கும்வரை நான் குசினியில் நின்று கழுவின கோப்பையைத் திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தேன்.

சிறுப்பிட்டி, புத்தூர். றோட்டோரம் ஒருவர் மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போகிறார், அவ ஒரு கையால் அவருடைய இடுப்பையும் மறு கையால் வெங்காயப் பையையும் பிடித்திருக்கிறா. நாங்களும் அப்படித்தான். ஆரணியின் அப்பாவுக்குக் கார் பிடிக்காது. காருக்குள்ள ஏறினா ஆரோடயும் கதைக்கேலாது, கண்ணாடிக்குப் பின்னால இருக்கிற மீன் மாதிரி என்பார். நெல்லியடியிலிருந்து பருத்தித்துறைக்குப் போவதற்குள் நாலு இடத்தில் மோட்டார் சைக்கிளை நிற்பாட்டிச் சுகம் விசாரிக்கிற மனிதர். பார்மசிக்கு வருகிறவர்களில் யாருக்குச் சீனி, யாருக்குப் பிரஷர், யாருடைய மகனுக்கு விசா சரிவரவில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவருடைய முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு நான் இருபது வருசத்துக்கு மேல் இந்த றோட்டில் போய்வந்திருக்கிறேன், குறையாக ஒன்றும் சொல்ல முடியாது, நாலு வருசத்துக்கு முதல் ஒரு காலமை பல் தீட்டிக்கொண்டு நின்றவர் கிணற்றடியில் அப்படியே இருந்துவிட்டார், பிறகு எழும்பவில்லை. அந்த நாட்களில் நான் சீலனை நினைத்தேனா. இல்லை. எவ்வளவு கெதியாக இல்லை என்கிறேன். நினைக்கவில்லை என்பது உண்மைதான், ஆனால் நினைக்காமல் இருப்பதற்கென்று ஓர் இடம் உள்ளே ஒதுக்கி வைத்திருந்தேன், வீட்டில் பாவிக்காத ஓர் அறையைப் பூட்டி வைத்திருக்கிற மாதிரி, அதற்குள் போவதில்லை, ஆனால் வீட்டின் அளவைச் சொல்லும்போது அதையும் சேர்த்துத்தான் சொல்லுவோம். ஆரணியின் அப்பாவுக்கு இது தெரிந்தால் என்ன சொல்லுவார். ஒன்றும் சொல்ல மாட்டார். ஆளைக் கூப்பிடுமன், ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகட்டும் என்பார். அதுதான் அழுகை வருகிறது. எட்வேட் அண்ணை கேட்டார், ஏசி கூடிப்போச்சோ தங்கச்சி, கண் கலங்குது. ஓம், கொஞ்சம் குறையுங்கோ என்றேன்.

எப்போது நீங்கள் நீராகினது என்று எனக்குத் தெரியும். நான் அஞ்சாவதோ ஆறாவதோ காரை வேண்டாம் என்று சொன்ன அன்று. பின்னேரம் கடையில் நல்ல சனம், ஒரு கிழவருக்கு இருமல் பாணியை ஊற்றிக்கொண்டே போனைக் காதில் வைத்தேன். சீலன் சிரித்துக்கொண்டு சொன்னார், சுகிர்தா, உமக்குக் கார் வேணுமோ, இல்லாட்டிக் கார் பாக்கிறதுதான் வேணுமோ. பாணி போத்தலுக்கு வெளியே ஊற்றுப்பட்டது. உமக்கு என்ற அந்தச் சொல், வகுப்பில் பின்வாங்கிலிருந்து முதுகில் தட்டி அழிறப்பர் கேட்கிற அதே சொல். ஆனால் கேள்வி வேறு. அவருக்குத் தெரிந்துவிட்டது என்று பயந்தேன். தெரிந்தால் என்ன என்றும் ஒரு கணம் தோன்றியது, அந்தக் கணத்தைத்தான் கூடப் பயந்தேன். பிறகு எழுதினேன், பின் கண்ணாடிக்கு வைப்பர் இருக்கோ. அவரும் அதற்குப் பிறகு அப்படி ஒன்றும் கேட்கவில்லை, நீரை மாத்திரம் விடவில்லை. அடுத்து வந்த நீலக் காருக்கு நான் ஓம் என்றதும் எல்லாம் ஓடத் தொடங்கிவிட்டது, வங்கி, கொழும்பு ஏஜென்ட், கப்பல். கப்பலின் பெயரை அனுப்பியிருந்தார். மத்தியானம் கடையைப் பூட்டிச் சாப்பிடுகிற நேரத்தில் போனில் அந்தக் கப்பலைத் தேடிப் பார்ப்பேன், கடலின் நடுவில் ஒரு சின்ன அம்புக்குறி. இன்றைக்குத் தாய்வான் தாண்டியாச்சு, இன்றைக்குச் சிங்கப்பூரில் நிற்குது. இரண்டு பேரும் ஒரே அம்புக்குறியைப் பார்த்துக்கொண்டு ஆளுக்காள் சொல்லிக்கொள்வோம். ஒரு ஆள் வருகிற மாதிரி. வங்காள விரிகுடாவில் காற்றுச் சுழி என்று செய்தியில் சொன்னபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அம்புக்குறி கரைக்குக் கிட்ட வரவரப் பயம் வேறு மாதிரி ஆகியது. வந்து சேர்ந்தால் பிறகு என்னத்தைக் கதைக்கிறது. கப்பல் இன்னும் ரெண்டு நாள் பிந்தினால் நல்லது என்று நினைத்த பெண் இந்த நாட்டில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பிந்தவில்லை. யப்பான் கப்பல்.

ஆவரங்கால் கழிந்ததும் வீடுகள் முடிந்து வல்லைவெளி திறந்துகொண்டது. இரண்டு பக்கமும் வெறும் வெளி, தூரத்தில் தண்ணீர், மேலே ஒன்றும் இல்லாத ஆகாயம், காற்று வந்து காரைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. முனியப்பர் கோயிலடியில் எட்வேட் அண்ணை ஓரம் கட்டினார். புது வாகனமெல்லே, ஒரு தேங்காய் உடைச்சிட்டுப் போவம், நான் வேதக்காரன்தான், ஆனா றோட்டில போற விசயத்துக்கு எனக்கும் இவர்தான் என்று சொல்லி, எஞ்சினை நிற்பாட்டாமல் இறங்கி, கடைப்பக்கம் நடந்தார். நான் வரவில்லையா என்று அவர் கேட்கவில்லை. போனை எடுத்தேன். விரல் வியர்த்திருந்தது, திரை எடுக்கவில்லை, சாறித் தலைப்பில் துடைத்துவிட்டு அமத்தினேன். சீலனின் குரல். சுகிர்தா, கார் இப்ப கையில கிடைச்சிருக்கும் எண்டு நினைக்கிறன். முதல் வேலையா ஒயிலை மாத்துவியும். ஏசியை ஏறினவுடனே கூட்டாதையும், கண்ணாடியை இறக்கிச் சூட்டைப் போகவிட்டிட்டுப் போடும். ரயருக்குக் காத்து மாசத்துக்கு ஒருக்காப் பாரும். இனி என்ன, என்ரை வேலை முடிஞ்சுது. சந்தோசமா ஓடும். அதோடு முடியவில்லை, பதிவு இன்னும் போய்க்கொண்டிருந்தது, ஒன்றும் சொல்லாமல், நிற்பாட்டாமல், ஒரு ஆள் போனைக் கையில் வைத்துக்கொண்டு மூச்சு விடுகிற சத்தம். பிறகு நின்றுவிட்டது. வேலை முடிஞ்சுது. எனக்கும் தெரிந்த விசயம்தான். யோசிக்கத் தொடங்கினேன். இந்தக் காருக்குள் இருக்கிற பெண் என்ன சொல்லுகிறா என்று பதிந்து அனுப்பிக் கேட்கலாம், அது ரெண்டு நாளுக்குக் காணும். ரேடியோ எங்கட அலைவரிசையைப் பிடிக்குதில்லை என்று கேட்கலாம், அது ஒரு கிழமை. ஒயில் எந்த இலக்கம். முன் வெளிச்சத்தை எப்படிப் பதிக்கிறது. இப்படியே இழுத்தால் அடுத்த மாரி வரை போகலாம், பிறகு கார் பழுதாகும், அதைக் கேட்கலாம். அறுபது வயதில் ஒரு பெண் பிரேக் கட்டையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருப்பாள், எழுபதில் பற்றரியைப் பற்றி. காற்று சிறகடிக்கிற மாதிரிக் கதவில் மோதிக்கொண்டே இருந்தது. அங்கே கோயில் வாசலில் எட்வேட் அண்ணை தேங்காயைத் தலைக்கு மேலே தூக்குகிறார். நான் அவருடைய பெயரைத் தொட்டு, குரல் செய்தியின் அடையாளத்தைத் தொடாமல், பக்கத்தில் இருக்கிற போனின் அடையாளத்தைத் தொட்டேன். தொட்ட பிறகுதான் விளங்கியது என்ன செய்துவிட்டேன் என்று. வெட்டுவதற்கிடையில் எடுத்துவிட்டார்.

பின்னால் பெரிய இரைச்சல், ஏலம் நடக்கிற இடம் போல, வாகனங்களும் ஒலிபெருக்கியும். சுகிர்தாவோ, என்ன, காரில ஏதும் பிழையோ என்றார், பதறின குரலில்.

காரில ஒரு பிழையும் இல்லை என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரிக் கேட்டது.

அப்ப என்ன, பத்திரத்தில ஏதுமோ?

இல்லை. காரைப் பற்றி ஒண்டும் இல்லை. சும்மாதான் எடுத்தன்.

அந்தப் பக்கம் ஒலிபெருக்கி மாத்திரம் கத்திக்கொண்டிருந்தது. நான் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பிறகு, கொஞ்சம் நில்லும் என்றார். காலடிச் சத்தம், யாரிடமோ அவர்களுடைய மொழியில் இரண்டு சொல், ஒரு கதவு திறந்து மூடுகிற சத்தம், இரைச்சல் முழுவதும் வெட்டுப்பட்டமாதிரி இல்லாமல் போனது. எங்கேயோ ஒரு சின்ன அறைக்குள் வந்து நிற்கிறார். மூச்சு வாங்குகிறது. ம், இப்ப சொல்லும் என்றார்.

என்னத்தைச் சொல்ல. எட்வேட் அண்ணை ஒரு கையில் திருநீறும் மறு கையில் உடைத்த தேங்காய்ப் பாதியுமாக வந்து கண்ணாடிக்கு வெளியே நின்றார். நான் போனைக் காட்டினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, காருக்கு முன்னால் போய், காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று திருநீற்றை அது பறந்துவிடாமல் பொத்திப் பிடித்துக்கொண்டார்.

சாப்பிட்டீரோ என்று கேட்டேன்.

இல்லை, இனித்தான் என்றார் சீலன். குரல் மாறியிருந்தது. நேற்று வைச்ச பருப்பு கொஞ்சம் இருக்கு, அதைச் சூடாக்கிச் சோத்தோட சாப்பிட வேணும்.

என்ன பருப்பு என்று கேட்டேன்.